ஒரு நாற்காலி மட்டும் போட்ட அறை

திருப்பூரில் நான் இருந்த ஐந்து நாளில் ஒரு பெண்ணின் வேலை போயிற்று. போக வைத்தவன் நான்தான். வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன், ஒட்டவில்லை. பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் சாலையையும் சாப்பாட்டையும் சொல்லிவிட்டு மெல்ல விஷயத்துக்கு வருவார்கள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. விஷயத்தைச் சொல்லிவிட்டேன், இனி சாப்பாட்டையும் சொல்கிறேன்.

என் பிழைப்பு சிங்கப்பூரில். புதிதாகக் கம்பெனி தொடங்குகிற இளைஞர்களுக்கு முதலீடு கொடுத்துவிட்டு, அப்புறம் வருடக்கணக்கில் அவர்களுக்கு வீடியோ காலில் உபதேசம் செய்கிற வேலை. நாங்கள் அப்படி முதலீடு செய்த ஸ்டார்ட்அப்களில் ஒன்று கோகுலுடையது. இருபத்தொன்பது வயது, திருப்பூர்க்காரர். தைத்து முடித்த பனியனில் இருக்கும் குறைகளைக் கேமராவால் கண்டுபிடிக்கும் மெஷின் ஒன்றைச் செய்திருந்தார். டி-ஷர்ட்டை அதன் அடியில் விரித்தால் ஓட்டை, பின்னல் ஊசி இழுத்த ஊசிக் கோடு, கறை எல்லாவற்றையும் சிவப்பு வட்டம் போட்டுத் திரையில் காட்டும். அதாவது, காட்ட வேண்டும்.

காட்டாமல் விட்ட ஒன்று என் மேஜைக்கு வந்து சேர்ந்தது. குழந்தைகள் அளவு டி-ஷர்ட், அடர்நீலம், நெஞ்சில் நாணயம் அளவுக்கு எண்ணெய்க் கறை. துணியை வாங்கும் வெளிநாட்டு பையர் மூன்று லாட்டுகளை இப்படித் திருப்பி அனுப்பியிருந்தார். கோகுல் அப்போதுதான் இரண்டாவது சுற்று முதலீடு கேட்டிருந்தார். அது கிடைக்காவிட்டால் கம்பெனியை மூடுவதைத் தவிர வழியில்லை. நேரில் போய்ப் பார்த்துவிட்டு, கொடுக்கலாமா கூடாதா என்று சொல் என்றார்கள் அலுவலகத்தில். அந்தச் சட்டையைப் பெட்டியில் மடித்து வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

திங்கட்கிழமை அவிநாசி தாண்டியதும் டாக்ஸி நின்றுவிட்டது. முன்னால் போன டெம்போவின் கயிறு அறுந்து, துணி ரோல்கள் சாலை முழுக்க உருண்டு கிடந்தன. சிங்கப்பூராக இருந்தால் பத்து நிமிடத்தில் மஞ்சள் சட்டை போட்டவர்கள் வந்து கூம்பு வைத்திருப்பார்கள். எங்கள் கும்பகோணமாக இருந்தால் டெம்போக்காரரின் ஏழு தலைமுறையும் சாலைக்கு வந்திருக்கும். இங்கே ஒரு லாரிக்காரர் இறங்கி வந்து, “ஏனுங்க, இப்படிப் பண்ணிப்போட்டீங்களே, கொஞ்சம் பாத்துக் கட்டியிருக்கக் கூடாதுங்களா?” என்றார். அவர் கடுங்கோபத்தில் இருந்தார் என்பது கழுத்து நரம்பைப் பார்த்துத்தான் தெரிந்தது. இவ்வளவு மரியாதையாகச் சண்டை போடுகிற ஊரை நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அது எனக்கு ரசிக்கும்படி இருந்தது.

மத்தியானம் ஒரு மெஸ்ஸில் கோகுல் எனக்கு அரிசியும் பருப்பும் ஒன்றாக வேகவைத்த சாதம் வாங்கிக் கொடுத்தார். மேலே நெய், ஓரத்தில் தயிர். காவிரிக்கரைக்காரனுக்குச் சாம்பார் இல்லாத சாப்பாடு என்றால் கொஞ்சம் இளக்காரம். முதல் வாயில் அந்த இளக்காரம் போய்விட்டது, இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டேன். பக்கத்து மேஜையில் ஒரு வடநாட்டு ஆள் போனில் வீட்டோடு பேசிக்கொண்டிருந்தார். “சாப்பிட்டேன். ஆமாம், இவர்கள் சாப்பாடுதான். இல்லை, காரமில்லை. அழுவதை நிறுத்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்” என்று இந்தியில் சொன்னார். அவர் தட்டில் கையே வைக்கவில்லை.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது கோகுலின் தாய்மாமா வேலுச்சாமியின் கம்பெனியில். மாமா என்பதால்தான் இடம் கொடுத்தார், மாமா என்பதால்தான் லாட் திரும்பியும் பொறுத்துக்கொண்டிருந்தார். மெல்லிய குரல், வெள்ளைச் சட்டை. என்னை உட்கார வைத்து, சாப்பிட்டீர்களா என்று மூன்று முறை கேட்டு, நான்காவதாகத்தான் மெஷினைப் பற்றிப் பேசினார். இனியொரு லாட் திரும்பினால் பையர் போய்விடுவார், பையர் போனால் தைக்கிற முந்நூறு பேருக்கு வேலையில்லை என்று, வானிலை சொல்வதுபோலச் சொன்னார்.

செக்கிங் பிரிவு மாடியில் இருந்தது. டியூப்லைட்டுக்குக் கீழே நீள மேஜைகள். ஒவ்வொரு மேஜையிலும் எதிரும் புதிருமாக இரண்டு பெண்கள். ஒருவர் டி-ஷர்ட்டை விரித்து, திருப்பி, குறை இருந்தால் அதன்மேல் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி எதிரே தள்ளுகிறார். எதிரில் இருப்பவர் ஒருமுறை புரட்டி அடுக்குகிறார். ஒரு துணிக்கு இருபது நொடிகூட ஆவதில்லை. ஒரு மேஜையில் மட்டும் பேச்சு அதிகம் இருந்தது. வாய் அசைவது தெரியாமல் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்தார்கள். என் நோட்டில் “மூன்றாவது மேஜை, அரட்டை, கவனச் சிதறல்?” என்று எழுதிக்கொண்டேன். அந்தப் பக்கத்தை இன்னும் கிழிக்கவில்லை.

கோகுல் அந்த மேஜைக்குத்தான் என்னை அழைத்துப்போனார். இங்கே உட்கார்ந்திருக்கும் முத்துமாரி அக்காதான் மெஷினுக்கு வாத்தியார் என்றார். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து பதினாறு வருடமான பெண், வயது நாற்பத்துநான்கு. கம்பெனியிலேயே இவர் பார்த்து அனுப்பிய துணி மட்டும்தான் திரும்பி வந்ததே இல்லை. அதனால் ஆயுத பூஜைக்குக் கொடுக்கும் சிறந்த செக்கர் பரிசு இரண்டு வருடமாக இவருக்குத்தான். நான் கோகுலைப் பார்த்தே கேள்விகள் கேட்டேன். எத்தனை மாதம் பாடம் சொன்னார், ஒரு நாளைக்கு எத்தனை துணி, தவறு விகிதம் என்ன. கோகுலும் என்னைப் பார்த்தே பதில் சொன்னார். முத்துமாரி தலை நிமிராமல் துணியைத் தடவிக்கொண்டிருந்தார். எதிரில் இருந்த பூல்மணி, ஜார்க்கண்ட் பெண், இருபத்தைந்து வயதிருக்கும், எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

பிறகு பாடம் நடந்த அறையைக் காட்டினார்கள். தளத்தின் ஓரத்தில் கண்ணாடித் தடுப்புப் போட்ட சின்ன அறை. மேலே கேமரா, கீழே வெள்ளை மேஜை, மெத்தை வைத்த ஒரு நாற்காலி. முத்துமாரி மூன்று மாதம் இங்கே தனியாக உட்கார்ந்து, குறை இருக்கும் இடத்தில் அம்புக்குறி ஒட்டி ஒட்டிக் கேமராவுக்குக் காட்டியிருக்கிறார். அம்பு எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து மெஷின் கற்றுக்கொண்டது. மெஷின் படிப்பதற்கு இதைவிடப் பெரிய வித்தை எதுவும் இல்லை. யாரோ ஒருவர் இது தப்பு, இது சரி என்று ஆயிரக்கணக்கில் சொல்ல வேண்டும். சொல்லுகிறவர் யார் என்பது எங்கள் தொழிலில் யாருக்கும் பெரிதாகப் படுவதில்லை. நாங்கள் அதை டேட்டா என்று சொல்லிவிடுவோம்.

செவ்வாய்க்கிழமை காலை, திரும்பிவந்த துணிகளையும் மெஷின் முன்பே பிடித்து ஒதுக்கிய துணிகளையும் குடோனில் கொட்டச் சொன்னேன். ஒரு பக்கம் மெஷின் கண்டுபிடித்த குறைகள். இன்னொரு பக்கம் அது கோட்டைவிட்டவை. கோகுலிடம் வேலை செய்யும் பையன்கள் கேமரா வெளிச்சம் போதவில்லை என்றார்கள், லென்ஸ் என்றார்கள், நீலச் சாயத்தில் ஏதோ என்றார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பதினோரு மணிக்குக் கரண்ட் போயிற்று. ஜன்னல் இல்லாத குடோன், ஜெனரேட்டர் எடுக்க ஒரு நிமிடமாவது ஆகும். யாரும் அசையவில்லை. கையில் இருந்த துணியைச் சும்மா நெருடிக்கொண்டு நின்றேன். விரலில் ஊசிக் கோடு தட்டுப்பட்டது. கீழே குனிந்து, கண்டுபிடித்த குவியலில் இன்னொன்றை எடுத்தேன். தையல் சுருக்கம், அதுவும் விரலுக்குத் தெரிந்தது. இன்னொன்றில் சின்ன ஓட்டை.

வெளிச்சம் வந்ததும் கோட்டைவிட்ட குவியலுக்குப் போனேன். கண்ணை மூடிக்கொண்டு ஐம்பது அறுபது துணியைத் தடவினேன். ஒன்றிலும் ஒன்றும் தட்டுப்படவில்லை. எல்லாம் கறை, நிற வேறுபாடு, கறுப்புத் துணியில் மை இழுபட்ட கோடு. தொட்டால் தெரிகிற குறை அத்தனையும் மெஷினுக்குத் தெரிந்திருந்தது. பார்த்தால் மட்டுமே தெரிகிற குறை ஒன்றும் தெரியவில்லை. கேமரா வைத்த மெஷினுக்கு!

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. எத்தனையோ கம்பெனிகளைப் பார்த்தவன், இப்படி ஒரு முடிச்சைக் கையால் அவிழ்த்ததில்லை. பாடம் சொன்ன முத்துமாரி கண்ணால் பார்ப்பதில்லை, விரலால் பார்க்கிறார். அதனால் மெஷினும் அதையே கற்றுக்கொண்டிருக்கிறது. ஏன் ஒரே ஒரு ஆளை வைத்துப் பாடம் எடுத்தீர்கள் என்று கோகுலைக் கேட்டேன்.

“நீங்கதானுங்க சார் சொன்னீங்க. ரெண்டு பேர் சொன்னா மெஷின் கொழம்பும், பெஸ்ட் ஆள் யாரோ அவங்க ஒருத்தரே போதும்னு. ரெக்கார்டிங் கூட இருக்குதுங்க.”

சொல்லியிருப்பேன். அந்த வருடம் நான் எல்லாரிடமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் காதர்பேட்டையில் சுற்றினேன். பனியன் மூட்டைகளுக்கு நடுவே ஆள் நடக்க ஒரு முழம் இடம். ஒரு கடைக்காரர் என்னைப் பம்பாய் வியாபாரி என்று நினைத்து இந்தியில் ஆரம்பித்தார், தமிழில் பதில் சொன்னதும் முகம் விழுந்துவிட்டது. திரும்பும் வழியில் தள்ளுவண்டியில் காளான் சாப்பிட்டேன். இந்தப் பக்கத்தில் காளான் என்றால் முக்கால்வாசி முட்டைக்கோஸ். உறைப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனாலும் நன்றாக இருந்தது. நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதைச் சொல்லத்தான் இதையெல்லாம் சொல்கிறேன். ஒரு செக்கர் ஏன் விரலால் மட்டும் பார்க்கிறார் என்ற அடுத்த கேள்வியைக் கேட்டுக்கொள்ள எனக்கு முழுதாக ஒரு ராத்திரி இருந்தது. நான் மறுநாள் கூட்டத்தில் காட்டும் ஸ்லைடுக்கு என்ன நிறம் போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை கூட்டம். வேலுச்சாமி, தளத்து சூப்பர்வைசர், கோகுல், அவர் ஆட்கள். கற்றுக்கொடுத்தவர்களும் இருக்கட்டும், அவர்களுக்கும் பெருமை என்று நானே சொல்லி முத்துமாரியை வரவழைத்தேன். பூல்மணியும் கூடவே வந்து சுவரோரம் நின்றார். இரண்டு குவியலையும் மேஜையில் வைத்துப் பேசினேன். நன்றாகப் பேசினேன். வேலுச்சாமியையே கண்ணை மூடிக்கொண்டு துணியைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். கடைசியில், “இந்த மெஷினுக்குப் பாடம் சொன்னவர் ஒரு துணியைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லை” என்று சொல்லி நிறுத்தினேன். கைதட்டல் வருகிற இடம் என்று நினைத்தேன்.

யாரும் அசையவில்லை. சூப்பர்வைசர் தரையைப் பார்த்தார். அந்த அறையில் எனக்கும் வேலுச்சாமிக்கும் கோகுலுக்கும் அவர் ஆட்களுக்கும் தவிர எல்லாருக்கும் விஷயம் தெரியும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது பரவாயில்லை, அது தன்னைத்தான் கெடுத்துக்கொள்கிறது.

வேலுச்சாமி எழுந்தார். ஒரு டி-ஷர்ட்டை எடுத்து முத்துமாரி முன் விரித்தார். அது நான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது.

“இது என்ன கலருங்கம்மா?”

முத்துமாரியின் விரல்கள் துணிமேல் ஓடின, கழுத்துப் பட்டையில் நின்றன. சுவரோரத்திலிருந்து மெல்லிய குரலில் “நீலா” என்றார் பூல்மணி. வேலுச்சாமி திரும்பி, நீங்கள் கொஞ்சம் சும்மா இருங்கள் என்றார். மறுபடி கேட்டார்.

“தெரியலைங்க” என்றார் முத்துமாரி.

அவ்வளவுதான். யாரும் கத்தவில்லை. எத்தனை நாளாக என்று கேட்டதற்கு, சர்க்கரை வியாதி கண்ணைப் பிடித்து மூன்று வருடம் ஆகிறது, இடது கண்ணில் நிழல்தான், வலதில் வெளிச்சம் தெரியும், உருவம் தெரியும், அடர்ந்த நிறங்கள் எல்லாம் ஒன்றுதான் என்றார். அன்று காலை வரை அதைச் சொல்லாமல் வைத்திருந்ததால்தான் அவருக்கு வேலை இருந்தது. வேலுச்சாமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நீங்க ஊட்டுக்குப் போயி ரெஸ்ட் எடுத்துக்குங்கம்மா” என்றார். லாரிக்காரரின் அதே மரியாதை. இந்த முறை ரசிக்க முடியவில்லை.

நான் வேலுச்சாமியின் பின்னாலேயே போய் வாதாடினேன். விரலால் இவ்வளவு கண்டுபிடிக்கிறவரை விடலாமா, கறைக்கு வேறொருவரை வைத்துக்கொள்ளலாமே என்றேன். பையரின் இன்ஸ்பெக்டர் வரும்போது பார்வை இல்லாதவர் செக்கிங்கில் இருந்தார் என்று தெரிந்தால் என்ன ஆகும் என்று அவர் என்னைக் கேட்டார். பதில் எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். சரி, மெஷினுக்காவது வைத்துக்கொள்ளுங்கள் என்று கோகுலிடம் திரும்பினேன்.

“அக்காகிட்ட இருந்து வர வேண்டியது மெஷினுக்கு வந்துருச்சுங்க சார்” என்றார் கோகுல். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அது உண்மை. தொட்டால் தெரிகிற குறையில் மெஷின் ஒன்றுகூடத் தவறவிடுவதில்லை என்று முந்தின நாள் நிரூபித்ததே நான்தான்.

வியாழக்கிழமை முத்துமாரியைப் பார்க்கக் கிளம்பினேன். சூப்பர்வைசர்தான் விலாசம் சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல். ஆட்டோ அனுப்பர்பாளையத்தில் மூச்சை விட்டுவிட்டது. டிரைவர் எதையோ கழற்றி ஊதிக்கொண்டிருந்த அரைமணி நேரம் ஒரு பாத்திரக் கடை வாசலில் நின்றேன். உள்ளே பட்டறையில் தட்டுகிற சத்தம் காதை அடைத்தது. கழுத்தில் கோலம் போட்ட எவர்சில்வர் குடங்கள் வரிசையாக இருந்தன. கம்பெனிகளுக்கா என்று கேட்டேன். ஆமாங்க, ஆயுத பூஜைக்குப் பேர் வெட்டி வாங்கிட்டுப் போவாங்க என்றார் கடைக்காரர். எனக்கும் ஒன்று வேண்டுமா, என்ன பெயர் வெட்ட வேண்டும் என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

ஆட்டோ சரியாகி, தவறான இடத்தில் இறக்கிவிட்டது. இந்த ஊரில் லைன் வீடுகள் எல்லாம் ஒரே அச்சு. ஒரு நீளக் கட்டடம், பத்துக் கதவு, ஒரு தண்ணீர்க் குழாய். சிங்கப்பூரில் அடுக்ககங்களும் ஒரே அச்சுதான், ஆனால் சுவரில் ஆள் உயரத்துக்கு எண் எழுதியிருப்பார்கள். மூன்று லைன் தேடினேன், நான்காவதில் கதவுக்கு வெளியே உட்கார்ந்து கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார் முத்துமாரி. கத்தியைப் பார்க்காமல் நறுக்கினார். என் குரல் கேட்டதும் எழுந்து, உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். அறையில் பாதி கட்டிய மூட்டைகள் தெரிந்தன. ஞாயிற்றுக்கிழமை சாத்தூருக்கு, தங்கை வீட்டுக்குப் போகிறாராம். மதுரையில் கண் ஆஸ்பத்திரி என்று ஆரம்பித்தேன். எல்லாம் பார்த்தாயிற்று, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் முடியும் என்று சொல்லிவிட்டார்கள் என்றார்.

மூலையில் ஒரு எவர்சில்வர் குடம் இருந்தது. அவர் பெயர் வெட்டியிருந்தது. இரண்டு பரிசு வாங்கினீர்கள் என்றார்களே, இன்னொன்று எங்கே என்று கேட்டேன். பூல்மணியிடம் என்றார். பிறகு அவராகவே சொன்னார். துணி முதலில் அவர் கைக்கு வரும். விரலுக்குத் தெரிவதற்கெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டி எதிரே தள்ளுவார். பூல்மணி புரட்டும்போது கறை இருந்தால் வாய்க்குள் சொல்லுவார்: தாக், காலா, கீழே. கறை, கறுப்பு, கீழே. பாதி இந்தி, பாதி தமிழ். முத்துமாரி கையை நீட்டி அங்கே ஒட்டிவிடுவார். அந்தப் பெண்ணுக்கு இந்த ஊசிக் கோடு, சுருக்கமெல்லாம் பிடிபடவே இல்லை, வந்த புதிதில் தினம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். இருவருக்கும் பொதுவாக நாற்பது வார்த்தைகூட இல்லை, மூன்று வருடத்தில் ஒரு துணி திரும்பியதில்லை. பதிவேட்டில் ஒரு மேஜைக்கு ஒரு பெயர்தான் எழுதுவார்கள், சீனியர் பெயர். எல்லா மேஜைக்கும் அப்படித்தான், அது அந்தக் கம்பெனியின் வழக்கம். கோகுல் அந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான் ஆளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

நான் அரட்டை என்று எழுதியது இதைத்தான்.

தனியாக அந்த அறையில் உட்கார மாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே என்றேன். கேட்ட பிறகுதான் அது எவ்வளவு மடத்தனமான கேள்வி என்று தெரிந்தது. மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள்.

“பூல்மணியையும் கூட உக்கார வைங்க தம்பின்னு ரெண்டு தடவை சொன்னேன். ஒருத்தர் சொன்னாத்தான் மெஷினுக்குப் புரியும், மேல இருந்து அப்படித்தான் சொல்லியிருக்காகன்னாரு. சரின்னு விட்டுட்டேன்.”

மேலே இருந்து சொன்னவன் அவர் போட்ட நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தான். அது நான்தான் என்று சொன்னேன். அவர் நறுக்கிய காயைத் தட்டில் ஒதுக்கினார்.

“திங்கக்கிழமை வந்து எங்கிட்டதான நின்னீக. தம்பிகிட்டக் கேட்டீக, மொதலாளிகிட்டக் கேட்டீக. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, தனியாக் கூப்பிட்டு நானே சொல்லியிருப்பேனே சார்.”

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு எழுந்து வர வசதியாக இருந்திருக்கும். டீ குடிக்கிறீர்களா என்று கேட்டார். குடித்தேன். சர்க்கரை போடாத டீ.

அன்றிரவு அலுவலகத்துக்கு எழுதிய அறிக்கையில், முதலீடு கொடுக்கலாம் என்று எழுதினேன். காரணம் கண்டுபிடிக்கப்பட்டது, சரிசெய்யக்கூடியது என்றும் எழுதினேன். ஒரு நிபந்தனை போட்டேன்: பாடம் சொல்லும் அறையில் இனி இரண்டு நாற்காலிகள் போட வேண்டும். முத்துமாரியின் பெயர் அறிக்கையில் எங்கும் வரவில்லை. இப்படிப்பட்ட அறிக்கைகளில் பெயர் வருவதில்லை. கொடுக்க வேண்டாம் என்று எழுதியிருந்தால் கோகுலின் பதினெட்டுப் பேர் தெருவுக்கு வந்திருப்பார்கள், முத்துமாரிக்கு அதனால் கண்ணும் வராது வேலையும் வராது. இந்த நியாயத்தை இன்றுவரை யாராலும் உடைக்க முடியவில்லை. எனக்கு மட்டும் அதைச் சொல்லும்போது வாய் கசக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை ஊருக்குக் கிளம்பும் முன் கம்பெனிக்குப் போனேன். கோகுல் வேகமான ஆள். கண்ணாடி அறையில் இரண்டாவது நாற்காலி வந்திருந்தது, அதற்கும் மெத்தை. ஒன்றில் பூல்மணி. எதிரே புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், காதில் கம்மல்கூடப் புதிது. உள்ளே போய் ஓரமாக நின்றேன். பூல்மணி ஒரு கறுப்பு டி-ஷர்ட்டைப் புரட்டினார். வாய்க்குள் சொன்னார்: “தாக். காலா. கீழே.” புதுப்பெண் நிமிர்ந்து பார்த்து, என்ன அக்கா என்றார். பூல்மணி பதில் சொல்லாமல் தானே ஸ்டிக்கரை எடுத்து ஒட்டினார். அடுத்த துணி. “தாக். நீலா. மேலே.” கையில் ஸ்டிக்கர் இருந்தும் ஒரு நொடி நிறுத்தினார், எதிரிலிருந்து கை நீளுவதற்காக. அப்புறம் தானே ஒட்டினார். அடுத்த துணிக்கும் அப்படியே. நிறுத்தச் சொல்லவேண்டும்போல இருந்தது, என்ன சொல்லி நிறுத்துவது என்று தெரியவில்லை.

கோகுலும் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் நீளாத அந்தக் கையைத்தான் நினைத்துக்கொள்கிறார் என்று எண்ணினேன். என் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“சார், இவங்க வாயில சொல்றதையே ஒரு மைக் வெச்சு ரெக்கார்ட் பண்ணிட்டோம்னா, ஸ்டிக்கரே வேண்டாமுங்க. பாதி நேரத்துல மெஷின் படிச்சிருமுங்க.”

நல்ல யோசனை. இரண்டாவது நாற்காலிகூடத் தேவைப்படாது.

செய்யுங்கள் என்றேன்.